கால் கயிறு

ஜூன் 10, திங்கள்

எனக்கு எழுத்து தெரியாது. சொல்வது நான், வேம்புலி. எழுதுவது என் மருமகள் தவமணி. திருப்போரூரில் பத்திரம் எழுதுகிறவரிடம் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். முதல் வரியிலேயே ‘மேற்படி நபர்’ என்று எழுதிவிட்டுப் படித்துக் காட்டினாள். அது யார் என்று கேட்டேன். தணிகாசலம் என்றாள். பெயரையே எழுது, அவன் இன்னும் நபராகப் போய்விடவில்லை என்றேன். அடித்துவிட்டு எழுதினாள்.

நோட்டைக் கொடுத்தவர் ஹென்றி, என் மகன் கடலில் பலகை ஓட்டுகிற கிளப்பின் செயலாளர். “இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் தேதி தேதியா கேப்பான் பெரியவரே. யார் வந்தாங்க, என்ன பேசுனாங்க, எல்லாத்தையும் அன்னன்னிக்கே எழுதி வச்சிடுங்க. கரையில முழுசா பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். உங்க ஞாபகத்தப் பத்தி ஊரே சொல்லுது” என்றார். சொல்லும். பனையடிக்குப்பத்தில் யார் எந்தப் புயலுக்கு எத்தனை நாள் முந்திப் பிறந்தார்கள் என்று என்னிடம்தான் கேட்டுப் போவார்கள்.

நடந்தது இது. நேற்று ஞாயிறு, காலை ஆறரை. என் மகன் எட்டியப்பன் மின்சார வாரியத்தில் லைன்மேன். வயது நாற்பத்தொன்று. ஞாயிறு தோறும் ஒரு பெரிய பலகையில் நின்றுகொண்டு துடுப்புப் போட்டுக் கடலுக்குள் போவான். மீனுக்கு அல்ல, சும்மா. “மீனும் இல்ல, வலையும் இல்ல, கடல்ல போய் நிக்கிறதுக்கு ஒரு சங்கமாம், அதுக்குச் சந்தாவாம்” என்று தணிகாசலம்தான் எல்லோரையும்விடச் சிரிப்பான். அவன் என் பங்காளி மகன். என்னைச் சித்தப்பா என்பான். சந்தா கட்டினால் ஒரு காகிதம் தருவார்கள். நம் பலகை யார் மேலாவது பட்டு அடிபட்டால், அந்த ஆளுக்கு ஆகும் செலவைக் கம்பெனி ஏற்கும். “பைக்குக்கு எடுக்கிற மாதிரி நைனா. நமக்கு இல்ல, நம்மால அடிபடறவனுக்கு” என்று எட்டியப்பன் எனக்கு விளக்கியிருக்கிறான்.

நேற்றுக் கரைவலை இழுத்தார்கள். வடக்குக் கயிற்றைப் பிடித்து மார்பளவுத் தண்ணீரில் தணிகாசலம் நின்றான். அவனுக்குப் பதினைந்து பாகம் வெளியே எட்டியப்பன். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். தென்காற்று ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது அலை பலகையைத் தூக்கியது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். பலகைக்கும் அவன் கணுக்காலுக்கும் ஒரு கயிறு உண்டு. அது அறுந்தது. பலகை ஆளில்லாமல் அலையின் முகத்திலேயே வந்தது. நான் “தணிகாசலம்!” என்று கத்தினேன். அவன் கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பின்கழுத்தில் அடித்தது.

கயிறு ஏன் அறுந்தது என்று எனக்குத் தெரியாது. இதை அடிக்கோடு போட்டு எழுது என்றேன். “அடிக்கோடு வேணாம் மாமா. போட்டா சந்தேகம் வரும்” என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

தணிகாசலத்துக்கு நினைவு இருக்கிறது. கழுத்தெலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துகிறதாம். கையில் பிடி இல்லை, கால் இரண்டும் அசையவில்லை. சாலையோரத் தனியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தகடு வைத்து அறுவை செய்ய வேண்டும். அடிபட்டதிலிருந்து பதினான்கு நாளுக்குள் செய்தால் கால் வரும், தள்ளினால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செலவைத் தருகிறோம் என்று கம்பெனி கடிதம் கொடுத்தால் மறுநாளே செய்வார்கள். ஆக, கடிதம்தான் கால்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் கையால் இன்னொருவனுக்கு அடிபட்டால், மூன்று நாளுக்குள் அடித்த பொருளை எடுத்துக்கொண்டுபோய் அடிபட்டவன் வாசலில் வைத்து, ‘கைத்தப்பு’ என்று சொல்ல வேண்டும். துடுப்பு என்றால் துடுப்பு, நங்கூரம் என்றால் நங்கூரம். அவர்கள் அதை உள்ளே எடுத்துப் போனால் பகை தீர்ந்தது. அதற்கு மேல் போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. என் நினைவில் முப்பத்தோரு தடவை நடந்திருக்கிறது.

எட்டியப்பன் பலகையைத் தோளில் தூக்கிவிட்டான். ஹென்றி ஓடிவந்து மறித்தார்.

“எட்டி, வேணாம். வாசல்ல வச்சா ஒத்துக்கிட்ட மாதிரி. கம்பெனியக் கேக்காம யார்கிட்டயும் தப்பு என்னுதுன்னு சொல்லக்கூடாது. காகிதத்துல ஆறாவது ஷரத்து. சொன்னா கையக் கழுவிடுவான்.”

“சாவக் கெடக்கிறவன் வாசலுக்குப் போவாம இருந்தா ஊரு இன்னா சொல்லும் சார்?”

“ஊர் சொல்றதுக்குக் கம்பெனி கடிதம் தராது.”

எட்டியப்பன் என் முகத்தைப் பார்த்தான். வழக்கம் பேசுகிறவன் நான். ஹென்றி சொல்வது சரி, வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். அவனுக்கு ஆச்சரியம்.

ஜூன் 12, புதன்

மூன்றாம் நாள். யாரும் எதையும் வைக்கவில்லை. நீலாவதி, தணிகாசலத்தின் பெண்டாட்டி, வாசல் தெளித்துக் கோலம் போடாமல் விட்டிருந்தாள். பொருள் வைக்க இடம் விடுவது அப்படித்தான்.

பகல் முழுவதும் வலை முடைந்தேன். நூலைப் பல்லால் கடித்தேன். “கத்தி எங்க மாமா?” என்று தவமணி கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். “நாப்பது வருஷத்துக் கத்தியா?” என்றாள். நாற்பத்து மூன்று என்றேன். இதை எழுத வேண்டாம் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். பத்ரிநாத் என்று பெயர். வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார். மரியாதையான மனிதர். என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, காற்று என்ன, வலை எங்கே, எல்லாம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல மணலில் குச்சி நட்டுப் பார்த்தார். “ஐயா, இன்ஜினியர்கூட இவ்வளவு சரியா சொல்லமாட்டாங்க” என்றார்.

பிறகு அந்தக் கயிற்றைக் கேட்டார். அது கயிறே அல்ல. கெட்டியான பிளாஸ்டிக் நரம்பு, சுண்டு விரல் கனம், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கணுக்காலில் ஒட்டுப்பட்டை. பட்டைக்கு மேல் ஒரு துணி மடிப்பு. அந்த மடிப்புக்கு அடியில்தான் அறுந்திருந்தது. அறுந்த இரண்டு முனையையும் தனித்தனியாகப் பையில் போட்டு முத்திரை வைத்தார்.

“கிளம்பறதுக்கு முன்னாடி கயிறப் பாத்தீங்களா?” என்று எட்டியப்பனைக் கேட்டார்.

“இழுத்துப் பாத்தேன் சார். நல்லாதான் இருந்துச்சு.”

“மடிப்ப விரிச்சுப் பாத்தீங்களா?”

“அத யாரு சார் விரிச்சுப் பாப்பா?”

சர்வேயர் எழுதிக்கொண்டார். எனக்குத் தாகம் எடுத்தது. இரண்டு சொம்பு குடித்தும் அடங்கவில்லை. வெயில் அப்படி.

ஜூன் 15, சனி

இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் பழையது ஒன்று சொல்கிறேன், நோட்டில் இடம் இருக்கிறது.

அறுபத்தைந்தாம் வருஷம் கார்த்திகை. என் அண்ணன் கன்னியப்பன் ஒற்றை ஆளாகக் கட்டுமரம் எடுத்தான். வாடைக்காற்று. மரத்திலிருந்து அலை இறக்கிவிடாமல் இருக்க இடுப்பில் கயிறு போட்டு மரத்தோடு கட்டிக்கொண்டான். மூன்றாம் அலைக்கு மரம் கவிழ்ந்தது. கட்டாமல் இருந்திருந்தால் நீந்தி வந்திருப்பான், அவனைப் போல நீந்துகிறவன் இந்தக் கரையில் இல்லை. மறுநாள் மத்தியானம் மரம் கரைக்கு வந்தது. அடியில் அவன். முடிச்சு அவிழவே இல்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மரத்தோடு உடம்பைக் கட்டுவதில்லை. மரம் வேறு, ஆள் வேறு. இந்தப் பலகையை எட்டியப்பன் வாங்கி வந்த அன்றைக்கே சொன்னேன். காலைக் கட்டுவது பிணத்துக்குத்தான், பெருவிரல் இரண்டையும் சேர்த்து. உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு என்றேன். சிரித்தான். “இது இல்லாம கிளப்புல எறங்க வுடமாட்டாங்க நைனா. காப்பீட்டுக் காகிதத்துலயே இருக்கு” என்றான்.

தவமணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றாள்.

ஜூன் 17, திங்கள்

காற்று தெற்கு. நண்டு வாங்கினோம். யாரும் வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர்க் குழாயில் நீலாவதியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து துணி துவைக்க வந்திருந்தாள். நான் குடத்தைத் தள்ளி வழிவிட்டேன்.

“வழி எதுக்கு மாமா? வாயத் தொறந்தா போதும். ஒம்பது நாளாச்சி. உங்க வூட்ல எல்லார்க்கும் பல்லு கட்டிப் போச்சா?”

அவள் குடத்தை வாங்கிக் குழாய்க்கு அடியில் வைத்தேன்.

“அவுரு உங்களக் கேட்டுகினே கீறாரு. ‘சித்தப்பா கத்துனாருடி, அதனாலதான் திரும்புனேன், இல்லன்னா மண்டையில வாங்கிச் செத்திருப்பேன்’னு. உங்கள நல்லதாத்தான் சொல்றாரு. எனக்குத்தான் வயிறு எரியுது.”

கம்பெனி யாரிடமும் பேசக்கூடாது என்றிருக்கிறது என்றேன்.

“கம்பெனியா உங்களச் சித்தப்பான்னு கூப்புடுது?” என்று கேட்டுவிட்டு, குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போனாள்.

எழுபத்தேழு வருஷத்தில் வாயில்லாத மனிதர்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். அந்த ஆறாவது ஷரத்தை எழுதினவன் யாரோ, கெட்டிக்காரன். ஒரு மனிதன் பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு வசதியான காரணத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஜூன் 20, வியாழன்

சர்வேயர் மறுபடி வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். ஹென்றியும் வந்தார்.

“கயிறு தானா அறுந்தா முழு அகலத்துக்கும் பிசிறு இருக்கும். இதுல பாதி கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. மீதிப் பாதிதான் பிய்ஞ்சிருக்கு. அதாவது, யாரோ பாதி வரைக்கும் கத்தி போட்டிருக்காங்க. சின்ன இழுப்புக்குத் தாங்கும், பெரிய இழுப்புக்குப் பிய்யும். தெரிஞ்சு செஞ்ச வேல.”

எட்டியப்பன் எழுந்து நின்றுவிட்டான். “எவன் சார் செஞ்சான்? என்னக் கொல்லவா?”

“அத நீங்கதான் சொல்லணும். நீங்களே வெட்டியிருந்தாலோ, வெட்டினது தெரிஞ்சே எறங்கியிருந்தாலோ காகிதம் செல்லாது. உங்களுக்குத் தெரியாம வேற ஒருத்தர் செஞ்சார்னு அந்த ஆள் கையெழுத்துல வந்தா, காகிதம் நிக்கும். இன்னிக்கு வந்தா சனிக்கிழமை கடிதம் கொடுத்துடலாம். இல்லேன்னா நான் கோப்ப மூடாம வைக்கணும், அவ்வளவுதான்.”

ஹென்றி என்னிடம் கேட்டார். “பெரியவரே, அடிபட்டதுக்கு முந்தின நாள் சனிக்கிழமை நைட்டு பலகை உங்க வூட்டுப் பக்கம்தான சாத்தி இருந்துச்சு? யாராவது வந்தாங்களா?”

யாரும் வரவில்லை என்றேன். அது உண்மை. யாரும் வரவில்லை.

சர்வேயர் போகும்போது பங்குனியில் நடந்த சண்டையைப் பற்றி விசாரித்தார். எட்டியப்பனின் பலகை வலைக்கயிற்றில் சிக்கி, தணிகாசலமும் அவனும் கைகலக்க இருந்தார்கள். அது அன்று மாலையே முடிந்த சண்டை. இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள். ஆனால் அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூன் 22, சனி

சொல்ல ஒன்றும் இல்லை. தவமணி இரண்டு தடவை கேட்டாள். ஒன்றும் இல்லை என்றுதான் எழுது என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

பதினான்காம் நாள்.

கடலில் இன்று யாரும் இறங்கவில்லை. கிளப் கொடியை இறக்கிவிட்டார்கள். எட்டியப்பன் மீன் வாங்கப் போன இடத்தில் பேச்சு கேட்டிருக்கிறான். “கயித்த அவனே அறுத்து வச்சிகினு, ஆளப் பாத்துப் பலகைய வுட்டுட்டான், கம்பெனிக் காசுல பகை தீத்துக்கினான்” என்று. மீனை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. யாரை அடித்தாய் என்று கேட்டேன். “யாரையும் இல்ல நைனா. யாரு பேசுனான்னே தெரியல. முதுகுக்குப் பின்னால பேசுறாங்க. திரும்புனா எல்லாம் வலையப் பாத்துகினு இருக்காங்க.”

சோறு போட்டோம். பிசைந்தான், சாப்பிடவில்லை.

ஜூன் 24, திங்கள்

ஆம்புலன்ஸ் வந்தது. நீலாவதி தணிகாசலத்தை நகரத்து அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறாள். கழுத்தை ஆட்டக்கூடாது என்று முதல் நாளே சொன்னதால்தான் இத்தனை நாள் மாற்றாமல் இருந்தாள். இனிக் கடிதம் வராது என்று முடிவு செய்துவிட்டாள். வேகத்தடைக்கு முன்னால் ஓட்டுநர் நிறுத்தி இறங்கி, மேட்டைக் கண்ணால் அளந்து, மறுபடி ஏறி நத்தை மாதிரி ஏற்றி இறக்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26, புதன்

நேற்று அறுவை முடிந்தது. கை நன்றாக வந்துவிட்டதாம். காலைப் பற்றி டாக்டர், “முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா நானே நடக்க வச்சிருப்பேன். இப்ப பாக்கலாம்” என்றிருக்கிறார். பாக்கலாம் என்றால் என்ன என்று தவமணியிடம் கேட்டேன். “பாக்கலாம்னா பாக்கலாம்தான் மாமா” என்றாள்.

ஜூன் 27, வியாழன்

நாட்டார் ஆள் அனுப்பினார். எங்கள் குப்பத்துக்குத் தலைவர் அவர். நாளைக் காலை கன்னியம்மன் கோயிலில் ஊர் கூடும். எட்டியப்பன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கயிற்றை அறுத்தது தான் இல்லை என்று.

எட்டியப்பன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னான். “சத்தியம் பண்ண மாட்டேன். நான்தான் செஞ்சேன்னு சொல்லிடப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு?” என்றாள் தவமணி. “அப்படிச் சொன்னா காகிதம் அன்னிக்கே செத்துப்போச்சு. தணிகாசலம் அண்ணனுக்கு ஒரு காசு வராது. உன்மேல கேசு வரும். வேல போவும்.”

“எவனோ ஒருத்தன் சொல்லணுமில்ல. செஞ்சவன் சொல்ல மாட்டேங்கிறான். மடிப்ப விரிச்சுப் பாக்காதது என் தப்புதான. மூணாவது நாளே பலகையக் கொண்டு போயி வச்சிருப்பேன். நைனாவே வேணான்னுட்டாரு. ஊரு மூஞ்சில முழிக்க முடியல. நான் சொன்னா முடிஞ்சிரும்.”

சொல்லிவிட்டுக் கடல்பக்கம் போனான். நான் தவமணியை நோட்டை எடுக்கச் சொன்னேன். முதலிலிருந்து படி என்றேன்.

படித்தாள். பத்தாம் தேதி, பதினொன்று. பன்னிரண்டாம் தேதியில், கத்தி எங்கே என்று அவள் கேட்டதும், நான் தொலைந்தது என்றதும், எழுத வேண்டாம் என்றதும் அப்படியே இருந்தது. எழுத வேண்டாம் என்றேனே என்றேன்.

“சொன்னதெல்லாம் எழுதுறதுதான் மாமா என் வேல. வேணாம்னதும் நீங்க சொன்னதுதான.”

பதினைந்தாம் தேதி வந்ததும் நிறுத்து என்றேன். அங்கே ஒரு பொய் இருக்கிறது. இனி நான் சொல்வதை நிறுத்தாமல் எழுது.

அண்ணன் கட்டிக்கொள்ளவில்லை. கட்டியது நான். அன்று அவனுக்குக் காய்ச்சல். கையில் பலம் இல்லை, கட்டு வேண்டாம் என்றான். எனக்குப் பதினெட்டு வயது. விழுந்துவிடுவாய் என்று சொல்லி, என் முழங்காலை அவன் முதுகில் கொடுத்து இறுக்கினேன். அவிழாத முடிச்சு எனக்கு அந்த வருஷம்தான் கைவந்திருந்தது. மறுநாள் அதை அவிழ்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவிழ்க்க முடியவில்லை. அறுத்தார்கள்.

ஜூன் எட்டு, சனிக்கிழமை சாயங்காலம். எட்டியப்பன் பலகையைக் கழுவிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு எண்ணெய் வாங்கப் போனான். அந்தக் காலுறை மாதிரியான பட்டை சுருண்டு கிடந்தது. பார்த்ததும் அண்ணன் இடுப்பு ஞாபகம் வந்தது. மடிப்பை விரித்தேன். வலைக் கத்தியைப் பாதி வரைக்கும் இறக்கினேன். முழுக்க அறுத்தால் தெரிந்துவிடும். பாதி அறுத்தால், பலகை கவிழ்ந்து அவனைக் கீழே இழுக்கும்போது பிய்ந்து அவனை விட்டுவிடும். அப்படித்தான் நினைத்தேன். பலகை எங்கே போகும் என்று நினைக்கவில்லை. கட்டுமரம் கனம், அலையில் கிடக்கும். இது பறக்கிற ஜாதி. எனக்கு அது தெரியாது.

கத்தி தொலையவில்லை. மிதவைக் கட்டைச் சாக்கில் இருக்கிறது.

யாருக்கும் பயந்து நான் ஒளிக்கவில்லை என்று சொல்ல வந்தேன். அதுவும் பொய். அவன் கண்ணுக்குப் பயந்தேன்.

தவமணி கடைசி வரியை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.

“எனக்குப் பன்னண்டாந் தேதியே சந்தேகம் மாமா. பதினஞ்சாந் தேதி நிச்சயமாயிடுச்சு.”

ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். நான் எடுத்துச் சொன்னா, மாமனாரக் காட்டிக் குடுத்தவன்னு பேரு. அதுக்குப் பயந்தேன். நாம ரெண்டு பேரும் பயந்துகினு இருந்தோம், அண்ணனோட காலு காத்துகினு இருந்துச்சு.”

அவள் அழவில்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மைப்பெட்டியை எடுத்துவந்தாள். ஆபீஸ் மைப்பெட்டி. என் இடது பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, இந்தப் பக்கத்தின் அடியில் வைத்தாள்.

ஜூன் 28, வெள்ளி

காலை ஏழு மணிக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தேன். கோயிலுக்கு அல்ல, நீலாவதி வாசலுக்கு. உடுப்பு எடுத்துப் போக ஊருக்கு வந்திருந்தாள். கோயிலுக்குப் போகிற கூட்டம் என்னைப் பார்த்து நின்றது. எட்டியப்பனும் அதில் இருந்தான்.

வாசலில் குனிந்து கத்தியை வைத்தேன். கைத்தப்பு என்றேன்.

“பலகதான மாமா அடிச்சிது? இது இன்னா?” என்றாள்.

சொன்னேன். ஊர் கேட்கும்படி, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். எட்டியப்பன் இருக்கிற பக்கம் பார்க்கவில்லை.

நீலாவதி கத்தியைப் பார்த்தாள். தொடவில்லை.

“உங்களுக்குத்தான் எல்லா நாளும் ஞாபகம் இருக்குமே. இன்னிக்கு எத்தினியாவது நாளு?”

பத்தொன்பது என்றேன்.

“என் புருசன் காலுக்கு டாக்டரு குடுத்தது?”

பதினான்கு.

“அந்தக் கம்பெனிக்காரன் உங்க வூட்ல குந்திகினு, சொல்லுங்க சொல்லுங்கன்னு கேட்டது?”

பதினொன்றாம் நாள்.

“கயித்த வெட்டுனதுக்கு நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். புள்ள உசிருக்கு பயந்து வெட்டுனீங்க, நானா இருந்தாலும் வெட்டியிருப்பேன். பதினொண்ணுலேருந்து பதினாலு வரைக்கும் மூணு நாளு கெடந்துச்சே மாமா. அந்த மூணு நாள எந்தக் கத்தியால வெட்டுனீங்க?”

நாட்டார் தொண்டையைச் செருமினார், அதோடு சரி.

அவள் பையை எடுத்துக்கொண்டு, கத்தியைத் தாண்டி, பஸ்ஸுக்குப் போனாள். உள்ளே எடுத்துப் போகவும் இல்லை, வெளியே எறியவும் இல்லை. முப்பத்தோரு தடவையில் இப்படி நான் பார்த்ததில்லை.

தவமணி இந்த நோட்டின் நகலைச் சர்வேயருக்கு அனுப்பினாள்.

ஜூன் 30, ஞாயிறு

எட்டியப்பன் வீட்டில்தான் இருக்கிறான். என்னோடு பேசவில்லை. கத்தி அங்கேயே கிடக்கிறது. உப்புக் காற்றில் விளிம்பு சிவந்துவிட்டது.

ஜூலை 1, திங்கள்

சர்வேயர் வந்தார். நோட்டைப் படித்தாராம். கோப்பு மேலிடத்துக்குப் போகிறது, பெரும்பாலும் காகிதம் நிற்கும் என்றார். அதற்கு முன் ஒன்று பாக்கி. கயிறு முழுசாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று செய்து காட்டிப் படம் எடுக்க வேண்டும். அதே இடம், அதே பலகை, புதுக் கயிறு.

என்னிடம் தண்ணீரைக் கேட்டார். அன்றைக்கு இருந்த மாதிரிதான் இருக்கிறது என்றேன். தென்காற்று. மூன்றாவது அலை பெரியது. தணிகாசலம் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள்.

எட்டியப்பன் பலகையோடு வந்தான். நேராக என் முன்னால் வந்து மணலில் உட்கார்ந்து வலது காலை நீட்டினான். கத்தியை வைத்த மூன்று நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

“கட்டு நைனா.”

உன் கையாலேயே கட்டிக்கொள் என்றேன்.

“நீதான் கட்டணும். மடிப்ப விரிச்சுப் பாத்துட்டுக் கட்டு.”

மடிப்பை விரித்தேன். வழவழவென்று முழுசாக இருந்தது. பட்டையைக் கணுக்காலில் சுற்றி ஒட்டினேன். “இறுக்கு” என்றான். இறுக்கினேன். எழுந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மூங்கிலுக்கு வெளியே பதினைந்து பாகம் போய் நின்றான். முதல் அலையை விட்டான். இரண்டாவதை விட்டான். மூன்றாவது வந்தது. பலகை மூக்கைத் தூக்கியது, அவன் பக்கவாட்டில் விழுந்தான், தலை தெரியவில்லை. நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அறுபத்தைந்தாம் வருஷம் நானூறு வரைக்கும் எண்ணினேன். ஐந்து.

பலகை அலைக்கு மேலே எகிறியது. கயிறு நீண்டது. நீண்டு நின்றது. பிறகு பலகை, கூப்பிட்ட நாய் மாதிரி, பின்னால் விழுந்தது. அதன் பக்கத்தில் எட்டியப்பன் தலை வந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தான். கயிறு அவனைக் கீழே இழுக்கவில்லை. மிதக்கிற பலகையிடம் கொண்டுவந்து சேர்த்தது.

மூங்கில் அசையாமல் நின்றது. துணி நனையக்கூட இல்லை.

கயிறு நீண்ட தூரம் இரண்டு பாகம். அங்கிருந்து மூங்கில் வரைக்கும் சும்மா கிடந்த தண்ணீர் பதின்மூன்று பாகம். ஹென்றி பிறகு நாடா வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

பதின்மூன்று பாகம் என்று எழுதச் சொன்னேன். அடிக்கோடு போடச் சொன்னேன். இந்த முறை தவமணி போட்டாள்.